பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கும் சாவி

ஜூன் 2, திங்கள்

காலையிலேயே அனல். கத்திரி முடிஞ்சதுன்னு காலண்டர் சொல்லுது. காரைக்குடிக்கு யாரும் சொல்லலை போல.

கார் வந்தாச்சு. கரண்ட் கார். வெள்ளை. மாட்டு டாக்டருக்கு வெள்ளைக் கார். கதவுல கைப்பிடி கூடத் தெரியலை, உள்ள போய் ஒளிஞ்சுக்குது. வழுக்கைத் தலை மாதிரி இருக்கு.

ஆம்னியை வித்தாச்சு. என்னைக் கேட்காமல். "அது பழசு." பழசுதான். பின் சீட்டைக் கழட்டிப் போட்டு ஒரு கன்னுக்குட்டியையே ஏத்தலாம். சாவியை நாடாவில் கோத்து கழுத்துல போட்டுக்கிட்டு, தோள் வரைக்கும் மாட்டுக்குள்ள கையை விட்டு, வேலையை முடிச்சு, கழுவி, வண்டியை எடுத்துக்கிட்டு அடுத்த ஊருக்குப் போயிரலாம். இத்தனை வருஷம் அப்படித்தான் போச்சு.

வித்தவர் என் புருஷன் லெட்சுமணன். இனி இந்த நோட்டில் லெ. முழுப் பேர் எழுதற அளவுக்கு இன்னிக்கு மரியாதை இல்லை. மஸ்கட்டில் கம்பெனிக் கணக்குப் பார்த்தே தலை நரைச்ச மனுஷன். பொங்கலுக்கு வந்தவர், இனிமே திரும்பப் போகலைன்னுட்டார். கல்யாணம் ஆனதுல இருந்து வருஷத்துக்கு ஒரு மாசம் பார்த்த ஆள். இப்ப தினமும். மூணு வேளையும்.

மதுரை ஷோரூம்ல டை கட்டின ஒருத்தர்: "மேடம், இந்த வண்டிக்குச் சாவியே தேவையில்ல. ஃபோன்தான் சாவி. நீங்க பக்கத்துல போனாலே வண்டிக்குத் தெரிஞ்சுரும்." லெ. முகத்தில் மாப்பிள்ளைக் களை. ஏதோ அவரே கண்டுபிடிச்ச மாதிரி என்னைத் திரும்பிப் பார்க்கிறார்.

என் ஃபோனைக் கேட்டாங்க. கொடுத்தேன். திரையில் விரிசல், மூலையில் காய்ஞ்ச சாணி. டைக்காரர் ரெண்டு விரலால் பிடிச்சுப் பார்த்துட்டு, "இதுல ஆப் ஏறாது மேடம்."

ஆக லெ. ஃபோன் மட்டும்தான் சாவி. ரிமோட் சாவின்னு ஒண்ணும் கொடுத்தாங்க. கறுப்பா, கூழாங்கல் மாதிரி, கைக்கு அடக்கமா. அதான் வேணும்னு கை நீட்டினேன். லெ. முந்திக்கிட்டு வாங்கிப் பையில போட்டார். "அதெல்லாம் பழைய காலம். பத்திரமா வச்சுக்கிறேன்."

சரி, இவர் ஓட்டுவாரான்னு பார்த்தா அதுவும் இல்லை. மஸ்கட்ல ரோட்டுக்கு வலது பக்கம் ஓட்டிப் பழகினவர். கழனிவாசல் ரோட்டுல ஒரு ஆடு குறுக்க வந்துச்சு. ஸ்டியரிங்கை விட்டுட்டு ரெண்டு கையையும் தூக்கிட்டார். ஆடுதான் ஒதுங்கிப் போச்சு. "நீயே ஓட்டு."

ஓட்டத் தெரிஞ்சவகிட்ட சாவி இல்லை. சாவி வச்சிருக்கிறவருக்கு ஓட்ட வராது. இதுக்குப் பேரு முன்னேற்றம்.


ஜூன் 4, புதன்

வெயில். அரியக்குடியில் ஒரு மடிநோய்.

கேஸுக்கு இவரும் வந்தார். வேற வழி? அவர் வந்தாத்தான் வண்டி கிளம்பும். ஏசியைப் போட்டுக்கிட்டு வண்டியிலேயே உட்கார்ந்துட்டார். நான் மடியைப் பிழிஞ்சு கட்டியை எடுத்துக்கிட்டு இருக்கேன். ஜன்னலை இறக்கி, "மீனா, உள்ள இருபத்திரண்டு டிகிரி. ஃபோன்லயே காட்டுது பாரு." வண்டிக்குள்ள என்ன சூடுன்னு அதுவே சொல்லுமாம். வெயில்ல நிக்கிற பசுவுக்கு என்ன சூடுன்னு நான்தான் வாலைத் தூக்கி தெர்மாமீட்டர் வச்சுப் பார்க்கணும்.

மாட்டுக்காரர் வண்டியைப் பார்த்துட்டு என்னைக் கேட்டார்: "கம்பவுண்டர் இறங்க மாட்டாரா?"

அது லெ. காதுல விழுந்துருச்சு. செக்காலை வர்ற வரைக்கும் ஏசியையே திருகிக்கிட்டு இருந்தார். அப்புறம், "நான் கம்பவுண்டர் மாதிரியா இருக்கேன்?"

"கம்பவுண்டர்னா வேலை செய்வாரு."

சாயங்காலம் நல்லா உப்புப் போட்டு மோர் குடிச்சேன். மனசுக்கு நிறைவு.

வாங்கணும்: அயோடின், பஞ்சு, நீளக் கையுறை, எனக்கு இடுப்பு வலித் தைலம்.


ஜூன் 5, வியாழன்

பக்ரீத் நெருங்குது. காலையில் இருந்து வாசல்ல ஆடுங்க. "நல்லா இருக்கான்னு பார்த்துச் சொல்லுங்க டாக்டர்." எல்லா ஆடும் நல்லா இருக்கு. எனக்குத்தான் நேரம் சரியில்லை.

பத்து மணி வாக்குல ஒரு ஃபோன். கன்னுக்குட்டிக்கு வயித்து உப்புசம். ஓடி வந்து பார்த்தா கார் பூட்டிக் கிடக்கு. சாவியார் சலூனுக்குப் போயிருக்கார்.

கூப்பிட்டேன். "இரு, இரு, இங்க இருந்தே தொறக்கிறேன் பாரு." டக். கைப்பிடி வெளிய வந்துச்சு. எனக்கே ஒரு நிமிஷம் வாயைப் பிளக்கத் தோணிச்சு. ஏறி உட்கார்ந்து பட்டனை அமுக்கினா, திரையில்: சாவியை அருகில் கொண்டு வரவும்.

திரும்பக் கூப்பிட்டேன். அவருக்கும் அப்பத்தான் தெரியுது. தூரத்துல இருந்து கதவு திறக்கும், டிக்கி திறக்கும், ஏசி ஓடும். ஓட்டணும்னா மட்டும் ஃபோன் வண்டிக்குள்ள இருக்கணும். இல்லைன்னா திருடன் ஓட்டிட்டுப் போயிருவானாம். இப்ப டாக்டரே ஓட்ட முடியலை.

பாதிக் கன்னம் சோப்பு நுரையோட நடந்து வந்தார். கழுத்துல சலூன் துண்டு. தெருவே பார்த்துச்சு. அப்படியே ஏறி உட்கார்ந்தார். கேஸுக்கு நுரையோடதான் வந்தார். உப்புசம் இறங்கிருச்சு. நுரை காய்ஞ்சு போச்சு.

கோயம்புத்தூர்ல இருந்து மக தேனு: "அம்மா, ஒரு புது ஃபோன் வாங்கிக்க. அப்பச்சி ஃபோன்ல இருந்து சாவியை உனக்கு ஷேர் பண்ணிடலாம். ரொம்ப ஈஸி." கார் கதவைத் திறக்க நான் ஃபோன் வாங்கணுமாம். நாளைக்கு வாளி தூக்கவும் ஒரு ஃபோன் வாங்கச் சொல்வா. போன வருஷம் ஒண்ணு பனிக்குடத் தண்ணியில, அதுக்கு முந்தினது தொட்டியில, அதுக்கும் முந்தினதை ஒரு எருமை மிதிச்சது. இதுல நாலு கேஸ் சேர்ந்தாப்ல தாங்கற ஃபோனை யாராவது செஞ்சிருக்காங்களான்னு கேட்டேன். "உன்கிட்டப் பேச முடியாதும்மா" ன்னு வச்சுட்டா.


ஜூன் 7, சனி

பக்ரீத். கிளினிக்ல ஆளே இல்லை. புழுக்கம். பக்கத்துல இருந்து ரெண்டு வீட்டு பிரியாணி வந்தது. லெ. ரெண்டையும் சாப்பிட்டார்.

இன்னிக்கு நேரா கேட்டேன். ரிமோட் சாவியைக் கொடுங்க.

"லாக்கர்ல வச்சுட்டேன்."

"எந்த லாக்கர்?"

"பேங்க் லாக்கர். நகையோட."

கார்ச் சாவியை பேங்க் லாக்கர்ல வச்ச ஒரே ஆள் இந்த ஜில்லாவுலேயே இவராத்தான் இருக்கும். இன்னிக்கு லீவு. நாளைக்கு ஞாயிறு. நல்லதாப் போச்சு அவருக்கு.

சண்டை. அவர் சொன்னது: ரிமோட் தொலையும். அதுக்குள்ள பொட்டு சைஸுக்கு ஒரு பேட்டரி, அது எப்ப தீரும்னு யாருக்கும் தெரியாது. ரிமோட்டோட அலையைப் பிடிச்சு வண்டியைத் திருடறாங்களாம், ஏதோ வீடியோவுல பார்த்தாராம். ஃபோனுக்குப் பூட்டு இருக்கு, ரேகை இருக்கு. மனுஷன் எதை மறந்தாலும் ஃபோனை மறக்க மாட்டான்.

நான் சொன்னது: உங்களுக்கு ஃபோன் கையோட பிறந்தது. என் கை பாதி நேரம் மாட்டுக்குள்ள இருக்கு. ரேகை சாணிக்கு அடியில இருக்கு. எனக்குக் கழுத்துல தொங்கற ஒண்ணு வேணும். கழுவினா சுத்தமாகற ஒண்ணு.

"அதான் நான் கூடவே வாரேன்ல," ன்னார்.

வெங்காயம் உரிச்சேன்.

இன்னொண்ணு கவனிச்சேன். நான் கிளம்பறதுக்கு முன்னாடியே ஷூ போட்டு வாசல்ல நிக்கிறார். "இன்னிக்கு எங்குட்டு?" ஊசி போடக் கூட்டிட்டுப் போறாங்கன்னு தெரியாம வாலை ஆட்டிக்கிட்டு நிக்குமே நாய், அதே முகம்.


ஜூன் 9, திங்கள்

லாக்கர் என்னாச்சு? "மேனேஜர் லீவு." சரி.

புதன்கிழமை திருச்சி போறாராம். மஸ்கட்டில் கூட வேலை பார்த்தவங்க எல்லாம் கூடறாங்களாம், மதியச் சாப்பாடு. நீலத்துல புதுச் சட்டை எடுத்து, தானே தேய்ச்சு, கதவுல மாட்டி வச்சுப் பார்த்துக்கிட்டு இருக்கார். கூட்டாளிங்ககிட்டக் காரைப் பத்திச் சொல்லணுமில்ல. பக்கத்து சீட்டுல உட்கார்ந்து வர்றதைச் சொல்வாரான்னு தெரியலை.

அன்னிக்கு வண்டிக்கு என்ன வழி? யோசிச்சு வச்சிருக்கார். "ஸ்டேஷன்ல என்னை இறக்கிவிடு. ஓடிக்கிட்டு இருக்கிற வண்டி சாவி இல்லைன்னாலும் நிக்காது. அப்படியே வீட்டுக்குப் போய் நிறுத்திரு. அவ்வளவுதான்." அப்புறம் நான்? வீட்டுல நிக்கிற மொபெட். நல்லது. மொபெட்டுக்குச் சாவி உண்டு.

இன்னிக்கு கேஸ்: ரெண்டு கோமாரி ஊசி, ஒரு பூனை, நாக்குல முள்ளு குத்தின நாய். நாய் கடிக்கலை. கடிச்சிருந்தாலும் தப்பில்லை.


ஜூன் 11, புதன்

கை தூக்க முடியலை. இருந்தாலும் எழுதணும்.

காலையில் காற்று, தூசி. மழை வர்ற மாதிரி வந்து ஏமாத்திட்டுப் போச்சு. ஸ்டேஷன்ல லெ.யை இறக்கிவிட்டேன். நீலச் சட்டை, சென்ட். கொஞ்ச தூரம் போனதும் வண்டி கத்த ஆரம்பிச்சது. சிவப்பு எழுத்துல, சாவி வண்டியில் இல்லை. தெரியும். அதோ டாட்டா காட்டிக்கிட்டு நிக்குது.

வீட்டுக்குத் திரும்பற வழியில் ஃபோன். இளையாத்தங்குடிக்கு அங்குட்டு ஒரு கிராமம். செல்லம்மா. அவ பசுவைச் சினையா இருக்கும்போதே ரெண்டு தடவை பார்த்திருக்கேன். தலையீத்து, முதல் கன்னு. தண்ணிக்குடம் உடைஞ்சு ரொம்ப நேரமாச்சு, ஒரு கால் மட்டும் தெரியுதுன்னா. "வந்துருவீகளா டாக்டரம்மா? வந்துருவீகள்ல?"

மொபெட்டுல அவ்வளவு தூரம், அத்தனை சாமானையும் தூக்கிக்கிட்டுப் போக முடியாது. பெட்டி, வாளி, கயிறு எல்லாம் டிக்கியிலேயே இருக்கு. வண்டி ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. ஓடற வண்டியை ஓட்டினா என்ன. திருப்பிட்டேன். இது என் முடிவு. இதை மட்டும் லெ. தலையில் போட முடியாது.

போய்ச் சேர்ந்தேன். அணைக்காம, கதவையும் திறந்தே போட்டுட்டு இறங்கினேன். செல்லம்மா வீட்டுக்காரர் கருப்பையா நின்னார். அவர்கிட்டச் சொன்னேன்: "வண்டியைத் தொடாதீக. கத்தும். கத்தட்டும்." கையுறை, சோப்பு, கயிறு இருக்கிற பையை மட்டும் எடுத்துக்கிட்டு கொட்டிலுக்கு ஓடினேன்.

கையை விட்டுப் பார்த்தா, தலை பின்னாடி மடங்கிக் கிடக்கு. முகத்தைத் தேடிப் பிடிச்சு வாய்க்குள்ள விரலை விட்டேன். நாக்கு அசைஞ்சது. லேசா என் விரலைச் சப்பப் பார்த்தது.

அப்ப உயிர் இருந்தது. அதுல சந்தேகமே இல்லை.

பசு முக்குது. அது முக்கற முக்குல என் கை எலும்பே நொறுங்கிரும் போல. வால் எலும்புக்கு மேல மரத்துப்போற ஊசி போட்டாத்தான் முக்கறது நிக்கும், தலையைத் திருப்ப முடியும். ஊசிப் பெட்டி டிக்கியில். வெளியே வந்தேன்.

வண்டி சத்தமே இல்லாம நிக்குது.

பக்கத்து வீட்டுக்காரர் ஒருத்தர், நல்ல மனுஷன், சிரிச்ச முகமா: "கத்திக்கிட்டே இருந்துச்சும்மா. சார்ஜு வீணாப் போகுதேன்னு அமுக்கி நிப்பாட்டிட்டேன். கதவையும் நல்லாச் சாத்திட்டேன்." கருப்பையா சுடுதண்ணி எடுக்கப் போன நேரம். கதவைச் சாத்தினதும் வண்டி தானே பூட்டிக்கிச்சு. கைப்பிடி எல்லாம் உள்ள. பிடிச்சு இழுக்க ஒரு விளிம்பு கூட இல்லை.

லெ.க்குப் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. திரும்பவும். திரும்பவும் அதே பொம்பளைக் குரல். கொட்டிலுக்கு ஓடி, ஊசி இல்லாமலே திருப்ப முடியுதான்னு பார்த்தேன். முடியலை. திரும்ப வெளிய வந்து போட்டேன். திரும்ப உள்ள. கருப்பையா கையில ஃபோனைக் கொடுத்து, விடாம அமுக்கச் சொன்னேன்.

கடைசியா மணி அடிச்சது. கருப்பையா என் காதுல வச்சுப் பிடிச்சார்.

"என்ன, வீட்டுக்குப் போயாச்சா?"

"டிக்கியைத் தொறங்க."

"எங்க இருக்க?"

"தொறங்க முதல்ல."

அதுக்கு மேல ஒரு கேள்வி கேட்கலை. அதைச் சொல்லணும். வெளியே தடக்னு ஒரு சத்தம், டிக்கி தானா மேல ஏறுது. செல்லம்மா நெஞ்சுல கை வச்சுக்கிட்டா. ஓடற ரயிலுக்குள்ள இருந்து இங்க என் டிக்கியைத் திறந்துட்டார். ரிமோட் சாவியால இது ஆகாது, ஒத்துக்கிறேன். ரிமோட் சாவி என் கழுத்துல இருந்திருந்தா இது தேவையே பட்டிருக்காது.

ஊசி போட்டேன். முக்கறது அடங்கிச்சு. தலையைத் திருப்பி, கயிறு மாட்டி, நானும் கருப்பையாவும் இழுத்தோம். வந்துருச்சு. கிடேரிக் கன்னு. நெத்தியில் வெள்ளை. நாக்கு நீலம். தலைகீழாத் தூக்கினேன், மூக்குல வைக்கோல் விட்டேன், நெஞ்சைத் தேய்ச்சேன். ரொம்ப நேரம் தேய்ச்சேன். செல்லம்மாதான் என் தோளைத் தொட்டு, "போதும் டாக்டரம்மா."

பசு பிழைச்சுக்கிச்சு. எழுந்து நின்னு தண்ணி குடிச்சது.

செல்லம்மா அழலை. கன்னு மேல சாக்கைப் போட்டு மூடினா. அப்புறம் கேட்டா, குத்திக் காட்டற குரல் இல்லை, தோணினதைக் கேட்ட மாதிரிதான்: "அந்தக் கண்ணாடியை உடைச்சிருக்கலாம்ல?"

கொட்டில் வாசல்லேயே அம்மிக் குழவி கிடக்கு. அதைத் தாண்டித்தான் வெளியேயும் உள்ளேயும் ஓடினேன். ஆம்னியா இருந்தா யோசிச்சிருக்கவே மாட்டேன். இதுக்குப் பக்கத்துல நின்னு, ஃபோனைக் காதுல வச்சுக்கிட்டு, தொடர்பு எல்லைக்கு வெளியேங்கிற குரலைக் கேட்டுக்கிட்டு நின்னேன். என் ஃபோன்ல ஏறாத ஆப் எனக்குள்ள ஏறிருச்சு போல.

உடைச்சிருந்தா பிழைச்சிருக்குமா? தெரியாது. பிழைச்சிருக்கலாம்.

மறுபடி லெ.யைக் கூப்பிட்டேன். வண்டி கிளம்பாது, நான் இங்க மாட்டிக்கிட்டேன்னேன்.

"புதுக்கோட்டையில இறங்கிட்டேன். வாரேன்."

"திருச்சி?"

"வாரேன்."

மத்தியானம் சாஞ்சு வந்தார். ரெண்டு பஸ் மாறி, கடைசித் துண்டுக்கு யாரோ பைக்ல. நீலச் சட்டை முதுகோட ஒட்டிக் கிடக்கு. செருப்பு, வேட்டி, முகம், எல்லாம் புழுதி. கையில ஃபோன். நீட்டிக் காட்டினார். செத்துப் போச்சு. வழி பூரா மேப்புல வண்டி எங்க நிக்குதுன்னே பார்த்துக்கிட்டு வந்திருக்கார், சார்ஜ் தீர்ந்துருச்சு.

"ஆக, சாவியும் செத்துருச்சா," ன்னேன். சிரிச்சேன்னு நினைக்கிறேன். அப்படி ஒரு சிரிப்பு எனக்கே பிடிக்கலை.

அவர் இடுப்புப் பெல்ட்டுப் பையைத் திறந்து ஒண்ணை எடுத்தார். கறுப்பா, கூழாங்கல் மாதிரி. அமுக்கினார். நாலு கைப்பிடியும் வெளிய வந்துச்சு.

"லாக்கர்?"

"இல்ல."

"எப்ப இருந்து இதுல இருக்கு?"

"முதல் நாள்ல இருந்து."

"சலூனுக்குப் போனப்பவும்?"

"ம்."

நான் கத்தலை. கையைப் பிடிச்சு கொட்டிலுக்குக் கூட்டிட்டுப் போனேன். சாக்கை விலக்கிக் காட்டினேன். "நான் கை விட்டப்ப இது உயிரோட இருந்துச்சு." அவ்வளவுதான் சொன்னேன். செருப்பைக் கழட்டிட்டு நின்னார். எதுக்குக் கழட்டினார்னு தெரியலை. செல்லம்மா, விவரம் தெரியாம, "வெயில்ல வந்திருக்கீக" ன்னு மோர் கொண்டு வந்து கொடுத்தா. ஒரு வாய் குடிச்சுட்டு அப்படியே கையில வச்சுக்கிட்டு நின்னார்.

திரும்பி வரும்போது, கீழச்சிவல்பட்டி தாண்டி, ரோட்டைப் பார்த்துக்கிட்டே சொன்னார்: "அதை உன் கையில கொடுத்துட்டா நீ பாட்டுக்குப் போயிருவ. என்னைக் கூப்பிட மாட்ட."

"மாட்டேன்தான்."

"தெரியும்."

கேட்டிருக்கலாம். வாயைத் திறந்து, நானும் வரட்டுமான்னு கேட்டிருக்கலாம். மாட்டேன்னு சொல்லியிருப்பேன், சரி, மறுநாளும் கேட்டிருக்கலாம். பொண்டாட்டி கூட நாலு ஊர் சுத்தறதுக்கு ஒரு காரையே பூட்டி வச்சுக்கிட்டுத் திரியறது. கேவலம். ஊர்ல ஒருத்தர்கிட்டச் சொல்ல முடியுமா இதை.


ஜூன் 12, வியாழன்

காப்பி டம்ளர் பக்கத்துல ரிமோட் சாவி. வச்சவர் பின்கட்டுல செடிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு இருக்கார்.

நாடாவுல கோத்துக் கழுத்துல போட்டேன். தனியாக் கிளம்பினேன். வண்டி கத்தலை, எழுத்து வரலை, யாரும் இருபத்திரண்டு டிகிரின்னு சொல்லலை. அப்பாடா.

அப்பாடா ரொம்ப நேரம் நிலைக்கலை. ரிமோட் சாவியும் அப்படி ஒண்ணும் யோக்கியமில்லை. ஒரு மாட்டோட விலாவுல சாஞ்சு சினை பார்த்துக்கிட்டு இருந்தேன். கழுத்துச் சாவி அதுல அமுங்கி, டிக்கி தானா திறந்து, திரும்பி வர்றதுக்குள்ள உள்ள ஒரு கோழி. பஞ்சு மூட்டை மேல உட்கார்ந்து என்னைப் பார்க்குது. இறக்கறதுக்குள்ள பாதிப் பஞ்சு போச்சு. இதைச் செஞ்சவங்க ஒருத்தர் கூட ஒரு மாட்டுப் பக்கத்துல நின்னிருக்க மாட்டாங்க.

செல்லம்மா வீட்டுக்குப் போனேன். நஞ்சுக்கொடி விழுந்துருச்சு, காய்ச்சல் இல்லை. பசு கொட்டில் மூலையையே மோந்து பார்த்துக்கிட்டு நிக்குது. செல்லம்மா என்னைப் பார்த்ததும் முதல்ல கேட்டது: "ஐயா வரலையா? நேத்து மோரை முழுசாக் குடிக்காமலே வச்சுட்டுப் போயிட்டாரு."

வரலைன்னேன்.

வீட்டுக்கு வந்தா பேப்பர் படிச்சுக்கிட்டு இருக்கார். ஷூ, ஸ்டாண்டுல. "இன்னிக்கு எங்க எங்க போனேன்னு ஃபோன்ல பார்த்தாச்சா?" "பார்க்கலை." பொய்யான்னு முகத்தைப் பார்த்தேன். இல்லை. பேப்பர் நேத்தையது.


ஜூன் 14, சனி

விடியும்போது நல்ல மழை. முதல் மழை. கொட்டில் எல்லாம் சொதசொதன்னு.

ஃபோன். ஒரு எருமை ராத்திரி கன்னு போட்டிருக்கு, கன்னு சுகம், ஆனா கர்ப்பப்பை மொத்தமும் வெளிய வந்து தரையில கிடக்கு. அந்த வீட்டுல ஒரே ஒரு பொம்பளை, அவங்க புருஷன் கேரளாவுல வேலை. ஆள் இல்லை. ஒருத்தர் அதை ஈரத் துணியில ஏந்தி இடுப்பு உயரத்துக்குப் பிடிக்கணும், அப்பத்தான் நான் உள்ள தள்ள முடியும். கனம் ஒரு சிமெண்ட் மூட்டை இருக்கும்.

நம்ம வாசல்ல நின்னு லெ.யைக் கூப்பிட்டேன். "பழைய சட்டை ஒண்ணைப் போட்டுக்கிட்டு, பழைய வேட்டி ஒண்ணும் எடுத்துக்கிட்டு வாங்க."

"நானா?"

"வேற யாரு இருக்கா?"

வழியில என்ன செய்யணும்னு சொன்னேன். கேட்டுக்கிட்டே வந்தார். பாதியில நிறுத்தச் சொல்வார்னு நினைச்சேன், சொல்லலை. கொட்டில்ல அதைப் பார்த்ததும் முகம் வெளுத்துப் போச்சு. நல்ல வேட்டியைத்தான் கொண்டு வந்திருக்கார், முட்டாள், பழசு கேட்டா. அதை நனைச்சு, அந்தம்மா ஒரு முனை, இவர் ஒரு முனை. தூக்கினாங்க.

கண்ணை மூடிக்கிட்டார்.

"கண்ணைத் தொறங்க. உங்க பக்கம் இறங்குது."

திறந்தார். உடனே மூடிக்கிட்டார். ஆனா துணியை உயர்த்திட்டார். எருமை ஒரு தடவை முக்கினதுல எல்லாம் அவர் நெஞ்சு மேல. நான் திட்டினது அந்த ஊருக்கே கேட்டிருக்கும். அவர் தலையை மட்டும் திருப்பி வாந்தி எடுத்தார். கை இறங்கலை.

உள்ள தள்ளி, தையல் போட்டு, முடிச்சோம்.